செட்டிநாட்டு வீட்டுத் தோட்டம்: நிழலுக்கும் வெயிலுக்கும் தாங்கும் பல்லாண்டுச் செடிகள்

பள்ளத்தூர்வாசி கேட்டது:
எங்கள் பூர்வீக வீடு கிழக்கு மேற்காக நீண்டது. அதன் வடபுறத்திலும் தென்புறத்திலும் பத்தடி அகலத்துக்கு வெற்றிடம் உள்ளது. நாங்கள் சென்னையில் வசிப்பதால், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாரத்தில் இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றுவார்; அதற்கு மேல் எதிர்பார்க்க இயலாது. ஆகவே, ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நிற்கும் செடிகளையே வைக்க விரும்புகிறோம். தை மாதத்தில் வடபுறம் முழுவதும் நிழலாக இருந்ததால், அங்கே பெரணி வைக்கலாமா? தென்புறத்தில் சுவரை ஒட்டி நிற்கும் இட்லிப்பூச் செடிகளில் குருத்திலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக இருப்பதற்குக் காரணம் என்ன?

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, தை மாத நிழலை நம்பிப் பெரணியை வைத்துவிடாதீர்கள். நம் வட்டாரம் ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு இறுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மார்கழி நண்பகலில் 10 அடிச் சுவர் வடபுறம் ஆறரை அடிக்கு நிழல் தரும். ஆனியில் அதே சுவரின் நிழல் இரண்டரை அடியாகச் சுருங்கித் தென்புறம் விழுவதால், வடபுறம் பகல் முழுவதும் வெயில் காயும். கத்திரி வெயிலும் அந்தக் காலத்தில்தான் வருகிறது. ஆகையால் அவ்விடத்துக்கு இரண்டையும் தாங்கும் நந்தியாவட்டை, டிசம்பர் பூ, மருள் ஆகியவையே பொருந்தும். பெரணிக்கு ஆண்டு முழுவதும் நிழலும் ஈரமும் வேண்டும். தாழ்வாரத்தில் தொட்டியில் வைத்தாலும் வாரம் இரண்டு முறை தண்ணீர் அதற்குப் போதாது.

தென்புறத்துக்குக் காகிதப்பூவும் ஆவாரையும் போதும். அரளியும் நன்றாக நிற்கும். ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால், ஆடு மாடு நுழையும் தோட்டமானால் நான் வைக்க மாட்டேன். கனகாம்பரம் பாதி நிழலிலும் பூக்கும், எனினும் வேரைத் தாக்கும் நூற்புழு அதற்குப் பெரும் எதிரி. நடும்போதே குழியில் வேப்பம் பிண்ணாக்கு இடுங்கள். டெல்லி கனகாம்பரம் விதை வைக்காது, போத்து வெட்டித்தான் பெருக்க வேண்டும்.

செம்மண் தோட்டக்காரர்:
இட்லிப்பூவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் அறிகுறி இரும்புச் சத்துக் குறைபாடு. நம் பழைய வீடுகளில் சுவரோரம் சுண்ணாம்புக் காரை உதிர்ந்து மண்ணில் கலந்துவிடுகிறது. சுண்ணாம்பால் காரத்தன்மை ஏறிய மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் அதை எடுக்க முடியாது. இலைக்கு இலை இரும்பு எளிதில் நகராது என்பதால் குருத்துதான் முதலில் வெளுக்கும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்து மாலையில் தெளித்தால் இலை தேறும், ஆனால் அது தற்காலிகம்தான். காரைத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, செம்மண்ணும் மட்கிய சாணமும் நிரப்புங்கள். உப்பான ஆழ்குழாய்த் தண்ணீரானால் தொல்லை திரும்பவும் வரும். வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) விழும் மழைநீரைப் பிடித்து வைக்க இயன்றால் அதையே ஊற்றச் சொல்லுங்கள். இனிப் புதிதாக இட்லிப்பூ வைப்பதானால் சுவரிலிருந்து நான்கைந்து அடி தள்ளி வையுங்கள்.

பள்ளத்தூர்வாசி:
மிக்க நன்றி, ஆச்சி. நடுவதற்கு எந்த மாதம் ஏற்றது? வேலியோரம் செங்காந்தள் வைக்கும் ஆசையும் இருக்கிறது.

தேவகோட்டை ஆச்சி:
நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருவதால், புரட்டாசிக் கடைசியில் நடுங்கள். பங்குனி வெயிலுக்குள் வேர் இறங்கிவிடும். செங்காந்தளுக்கு அந்தக் கணக்கு இல்லை. அதன் கிழங்கை ஆனி, ஆடியில் ஊன்ற வேண்டும். பூத்து முடிந்ததும் கொடி காய்ந்து, கோடை முழுவதும் கிழங்காகவே மண்ணுக்குள் கிடக்கும். பட்டுப்போயிற்று என்று எண்ணித் தோண்டி எறிந்துவிடாதபடி, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி, இடத்துக்கு ஒரு குச்சி நட்டு வையுங்கள். கிழங்கு கடும் நஞ்சு, கையுறை அவசியம். கலப்பை போல் இரண்டு கிளையாக இருக்கும் அதன் முனைகளில்தான் முளை உள்ளது. அந்த முனை ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது.