12 கிலோமீட்டர் தாண்டினதும் மனசு "போதும்"ங்குது: கேட்கணுமா, அடக்கணுமா?

உச்சிப்புளி ஓட்டம்:
அரை மராத்தானுக்குத் தயாராகுறவங்களுக்காகக் கேட்குறேன். ஞாயித்துக்கிழமை நீண்ட ஓட்டம் முகுந்தராயர் சத்திரத்துல இருந்து தனுஷ்கோடி முனையான அரிச்சல்முனை போய்த் திரும்புறது, மொத்தம் 19 கிலோமீட்டர். போகும்போது யாருக்கும் பிரச்சினை இல்லை. திரும்பும்போது 12, 13ல "முடியாது, நின்னுடு"ன்னு உள்ளுக்குள்ள பேச்சு ஆரம்பிச்சுடுது. சிலர் நின்னுடுறாங்க, சிலர் நொண்டிக்கிட்டே முடிக்கிறாங்க. எந்தப் பேச்சை அடக்கணும், எதைக் கேட்கணும்? ஓய்வு நாள்ல "சோம்பேறி"ன்னு மனசு குத்துறதுக்கும் வழி சொல்லுங்க.

கச்சான் காத்து:
முதல்ல காத்தைப் பாருங்க அண்ணே. கச்சான், அதாவது மேல்காத்து, அடிக்கிற மாசத்துல அரிச்சல்முனைக்குப் போகும்போது காத்து முதுகுல. "இன்னிக்குக் கால் பறக்குது"ன்னு மனசு சொல்லும். அதுவும் பேச்சுதான், முதல்ல ஏமாத்துறதும் அதுதான். காத்து நம்ம வேகத்துலயே கூட வந்தா உடம்புல படுறது தெரியாது. வேர்வை காயாம வழியும், சூடு உள்ளேயே தங்கும். ரெண்டு பக்கமும் கடல், நிழலே கிடையாது. திரும்பினா எதிர்காத்து, அதுல பழைய வேகத்தைப் பிடிக்கப் பார்த்தா "முடியாது" வரத்தான் செய்யும். அதனால போகும்போது சொல்லிக்க வேண்டிய சொல் "அடக்கு". ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காம பேசுற வேகம் போதும். திரும்பும்போது வாட்ச்ல வேகமே பார்க்க வேண்டாம்.

பாம்பன் பயிற்சி:
காத்தைப் பத்தி அண்ணன் சொன்னது சரி. பேச்சுக்கு வரேன்.

2014ல பிளாஞ்ச்ஃபீல்டுங்கிற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் 24 பேரை சைக்கிள்ல வச்சுப் பார்த்தாங்க. ரெண்டு வாரம் தன்னைத்தானே ஊக்கப்படுத்துற சொற்களைப் பழகினவங்க, களைச்சு நிற்கிற வரைக்கும் மிதிச்ச நேரம் சுமார் 18 சதவீதம் கூடுச்சு. கஷ்டமா இருக்குங்கிற உணர்வுதான் குறைஞ்சது. பழகின சொல்தான் வேலை செய்யும், ஓடுற அன்னைக்குத் திடீர்னு யோசிச்சா வராது.

ஓடி முடிச்சதும் மனசு சொன்ன வசவை அப்படியே நோட்டுல எழுதச் சொல்லுங்க. எதிர்ல மாத்துச் சொல் நாலு: நடுப்பகுதிக்கு ரெண்டு, கடைசிக்கு ரெண்டு. "நான்" வேண்டாம், "நீ"ன்னு சொல்லணும்: "நீ தாங்குவ". அண்ணன் தம்பிகிட்டச் சொல்ற மாதிரி இருந்தா காதுல ஏறும். கால் வைப்போட பொருந்தணும்: தோ-ளை-இ-றக்கு, நாலு அடிக்கு ஒரு தடவை. தோள் காது வரைக்கும் ஏறி, முஷ்டி இறுகி ஓடுறவருக்கு "விடாதே"ன்னு சொன்னா இன்னும் இறுகும். அவருக்கு உடம்பைத் திருத்துற சொல்தான் வேணும். வாரத்துல ஒருநாள் 400 மீட்டர் ஓட்டம் ஆறு தடவை வச்சு, கடைசி ரெண்டுல மட்டும் பழக்குங்க.

இதுல ஆபத்து ஒண்ணு இருக்கு. சொல் கஷ்ட உணர்வைக் குறைக்கும், சூட்டைக் குறைக்காது. சூடான சூழல்ல நடத்தின ஒரு சைக்கிள் ஆய்வுல, இப்படிப் பேசிப் பழகினவங்க கூடுதல் நேரம் மிதிச்சாங்க, உடம்புச் சூடும் கூடுதலா ஏறித்தான் நின்னாங்க. நம்ம கடற்கரைப் புழுக்கத்துல தலை சுத்தல், வெயில்லயும் புல்லரிப்பு, பேச்சுக் குழறல் இதுல எது வந்தாலும் எந்தச் சொல்லும் சொல்லக்கூடாது. உடனே நின்னு, உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி, வண்டியில ஏத்திடுங்க. குழறல்னா நேரா ஆஸ்பத்திரி.

உச்சிப்புளி ஓட்டம்:
நொண்டுறவங்களுக்கு?

பாம்பன் பயிற்சி:
நொண்டினா அன்னைக்கு ஓட்டம் முடிஞ்சது. தொடை முழுக்கக் கனமா இருக்கு, மூச்சு வாங்குதுன்னா அது களைப்பு, பேசி ஓட்டலாம். "இங்கதான்"னு ஒரு விரலால தொட்டுக் காட்டுற வலி, ஓட ஓடக் கூடுற வலி, இதுக்குப் பேச்சே கிடையாது. முழங்காலுக்குக் கீழ, எலும்போட உள்பக்க ஓரத்துல அப்படி ஒரு புள்ளியில அழுத்தினா வலிச்சா, எலும்பு கீறல் இருக்கலாம். டாக்டர் பார்க்கிற வரைக்கும் ஓட்டமே வேண்டாம்.

தேவிபட்டினம் காலை:
ஓய்வு நாளையும் அட்டவணையில வேலையா எழுதுங்க: "திங்கள்: ஓய்வு, 8 மணி நேரத் தூக்கம்". வெறும் கட்டமா விட்டா அங்கதான் "சோம்பேறி" வந்து உட்காரும். சொல்லும் தயாரா இருக்கட்டும்: "ஞாயிறு ஓட்டம் இன்னிக்குத்தான் கால்ல சேருது." காலையில எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி படுத்தபடியே ஒரு நிமிஷம் நாடி எண்ணி எழுதச் சொல்லுங்க. ரெண்டு மூணு நாளா வழக்கத்தைவிட 7, 8 கூடவே இருந்து தூக்கமும் சரியில்லைன்னா, செவ்வாயும் ஓய்வுதான்.