மறு: இன்கிரிமென்டல் பேக்கப், டிஃபரன்ஷியல் பேக்கப் – தமிழில்?

நண்பர்களுக்கு வணக்கம்.

> பேக்கப் = காப்புநகல். இன்கிரிமென்டல் = ஏறுமுகக் காப்புநகல், டிஃபரன்ஷியல் = வேறுபாட்டுக் காப்புநகல். சரிதானே?

காப்புநகல் நல்ல சொல், அதை அப்படியே வைத்துக்கொள்வோம். மற்ற இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஏறுமுகம் என்றதும் விலைவாசிதான் நினைவுக்கு வருகிறது. வேறுபாடு என்பதோ இரண்டுக்குமே பொருந்தும். இரண்டு முறையிலும் மாறிய கோப்புகளை மட்டும்தான் எடுக்கிறோம். எப்போதிலிருந்து மாறியவை என்பதில்தான் வித்தியாசம்.

ஞாயிறன்று வெளி வன்தட்டில் முழுநகல் எடுத்தாயிற்று. அப்புறம் தினமும் இரவில் நகல் எடுக்கிறோம். வியாழன் காலை கணினியின் வட்டு போய்விட்டது என்று வையுங்கள். முதல் முறையில், அதாவது இன்கிரிமென்டலில், ஒவ்வொரு இரவும் முந்தைய இரவுக்குப் பின் மாறியவை மட்டும் சேர்ந்திருக்கும். இடமும் நேரமும் குறைவு. ஆனால் மீட்க ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் நான்கும் வேண்டும். செவ்வாய் நகல் கெட்டிருந்தால் அன்று மாறிய கோப்புகள் கிடைக்காமல் போகலாம், அதற்குப் பின் எடுத்ததையும் நம்ப முடியாது. இரண்டாம் முறையில், அதாவது டிஃபரன்ஷியலில், ஒவ்வொரு இரவும் ஞாயிறுக்குப் பின் மாறிய எல்லாமே சேரும். நகல் நாளுக்கு நாள் பருக்கும். மீட்க ஞாயிறும் புதனும் போதும்.

அதனால் முதலாவதைத் தொடர்நகல் என்றும் இரண்டாவதைத் திரள்நகல் என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை. ஒன்று சங்கிலித் தொடர், மற்றது திரண்டுகொண்டே போவது. மென்பொருளின் பொத்தானில் எழுதவும் சின்னதாக இருக்கும். 'தொடர்நகல் எடு' என்று வினையோடும் ஒட்டும். பெயரைப் பார்த்தே எது தனக்குத் தோது என்று ஒருவர் ஊகித்துவிட முடியும். தாராளமாக இடமுள்ள வன்தட்டு கையில் இருந்தால் திரள்நகல். மேகச் சேமிப்புக்கு இணையம் வழியே ஏற்றுவதாக இருந்தால் தொடர்நகல்தான் கட்டுப்படியாகும். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 500 ஜிபி முழுநகலை ஏற்றவே நான்கரை நாளுக்கு மேல் ஆகும்.

> ஒத்திசைவையும் காப்புநகலில் ஒரு வகையாகச் சேர்த்துவிடலாமே?

தயவுசெய்து வேண்டாம். ஒத்திசைவு (சிங்க்) என்பது இரண்டு இடத்துக் கோப்புகளையும் ஒன்றுபோலவே வைத்திருப்பது. அதில் இங்கே அழித்த கோப்பு அங்கேயும் அழியும். பணயத் தீநிரல் (ரான்சம்வேர் – கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது) பூட்டிய கோப்பும் அப்படியே போய் நல்ல கோப்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும். சில சேவைகள் பழைய பதிப்புகளைக் கொஞ்ச நாள் வைத்திருக்கின்றன, அது உதவிதான். ஆனால் ஒத்திசைவைக் காப்புநகல் என்று நாமே கலைச்சொல் பட்டியலில் எழுதினால், அதை நம்பி ஒருவர் வேறு நகலே எடுக்காமல் இருந்துவிடுவார். குடும்பப் படங்களெல்லாம் அந்த ஒரே கணக்கில் இருக்கும். பல வட்டுகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு அமைப்புக்கும் இதே பேச்சுதான்: ஒரு வட்டு பழுதானாலும் வேலை நிற்காமல் ஓட அது பெரும்பாலும் உதவும், தவறி அழித்ததை மீட்டுத் தராது.

ரெஸ்டிக், போர்க் போன்ற காப்புநகல் கருவிகள் மாறிய துண்டுகளை மட்டும் சேமித்தாலும், பயனருக்கு ஒவ்வொரு நாள் நகலையும் முழுசாகவே காட்டுகின்றன. இடையில் ஒரு நாள் நகலை நீக்கினாலும் மற்றவை நிற்கும். தொடர், திரள் இரண்டிலும் இது அடங்காது. அப்படி ஒவ்வொரு நாள் நகலையும் குறிக்க அங்கே வரும் 'ஸ்னாப்ஷாட்'டுக்கு நிலைப்பதிவு என்று வைக்கலாமா? வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள், சேர்த்துப் பேசுவோம்.