ஹூநெட்டில் (கிருமிகளின் மருந்து எதிர்ப்புத் தரவை அலசும் மென்பொருள்) ஒரே நோயாளி மூன்று பேராக எண்ணப்படுகிறார், வழி சொல்லுங்கள்

ஈரோடு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. விட்டெக் 2 காம்பாக்ட் கருவி தரும் கிருமிப் பரிசோதனை முடிவுகளை பேக்லிங்க் (தரவை ஹூநெட்டுக்கு ஏற்ப மாற்றும் துணை மென்பொருள்) வழியாக ஹூநெட்டில் ஏற்றி, ஆறு மாத ஆன்டிபயோகிராம் (எந்தக் கிருமிக்கு எந்த ஆன்டிபயாடிக் எத்தனை சதவீதம் கேட்கிறது என்ற அட்டவணை) போடுகிறேன். ஐசியூ நோயாளிகளின் கிளெப்சியெல்லா கிருமியில் மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்குக்கு எதிர்ப்பு திடீரென்று கூடியிருக்கிறது. ஆனால் அந்த எண்ணை நம்ப முடியவில்லை. ஒரு நோயாளிக்கு ஒவ்வொரு கிருமி இனத்திலும் முதல் ஐசோலேட் (மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த கிருமி) மட்டும் என்பதுதான் எம்39 (ஆன்டிபயோகிராமுக்கான சிஎல்எஸ்ஐ வழிகாட்டி) விதி. எங்களிடமோ ஓபிக்கு ஓர் எண், அட்மிஷனுக்கு வேறு எண், மறுபடி வந்தால் இன்னொன்று. திரும்பத் திரும்ப வருபவர்களிடம்தான் எதிர்ப்புக் கிருமி அதிகம், சதவீதம் வீங்கிவிடுகிறது.

பெயரை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் திரும்பின பக்கமெல்லாம் பழனிசாமி! இனிஷியலும் ஒரு தடவை இருக்கும், ஒரு தடவை இருக்காது. போன் எண்? குடும்பத்துக்கே மகன் எண்தான். கையால் எக்செலில் நீக்கினால் இரண்டு நாள் போகிறது, அப்புறம் சில கிருமி இனங்களில் குறைந்தபட்சம் தேவையான 30 ஐசோலேட்கூடத் தேறவில்லை. மருத்துவமனை மென்பொருளை இப்போதைக்கு மாற்ற மாட்டார்கள்.

பெயர், வயது, ஊர் மூன்றையும் சேர்த்து ஒரு அடையாள எண் உருவாக்கி, பேக்லிங்க்கில் ஏற்றும்முன்பே போட யாராவது செய்திருக்கிறீர்களா, எப்படி?