1974 மார்க்-2 அம்பாசடர்: அப்படியே வைக்கவா, இசுசு எஞ்சின் ஏத்தவா?

பேட்டைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பெரியப்பா வண்டி ஒண்ணு, 1974 மார்க்-2 அம்பாசடர், பெட்ரோல். களக்காட்டுல வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டகைல ரொம்ப வருஷமா நின்னுச்சு, இப்ப என் கைக்கு வந்திருக்கு. ஆர்.சி புக் பத்திரமா இருக்கு, ஆனா எஃப்.சி, இன்சூரன்ஸ் எல்லாம் எப்பமோ முடிஞ்சு போச்சு. எஞ்சின் கையால சுத்துனா சுத்துது, ஜாம் ஆகல. ஃப்ளோர்ல துரு இருக்கு, டிரைவர் கால் வைக்கிற எடத்துல கீழ தரை தெரியுது. என் மனசுல இருக்கது என்னன்னா ஜப்பான் கம்பெனியோட 1800 இசுசு எஞ்சின் ஏத்தி அஞ்சு கியர் ஃப்ளோர் ஷிஃப்ட் போட்டு, பவர் ஸ்டியரிங், ஏசி, முன்னால ரெண்டு பக்கெட் சீட்டு, டார்க் மெரூன் பெயிண்ட், அலாய் வீல்னு ஒரு முழு வேலை பாத்துரணும். சீசனுக்கு அம்மாவ உக்கார வச்சு குத்தாலம் போணும், அதுக்குத்தான். வீட்ல பாதிப்பேரு கோட்டி பிடிச்சிருக்கானு கேக்காவ. நீங்க என்ன சொல்லுதிய?

கார்பரேட்டர் அண்ணாச்சி:
தம்பி வண்டிய தொடாதிய. மார்க்-2 வந்தது 1962ல, 75ல மார்க்-3 வந்துட்டு, அப்ப உங்க வண்டி மார்க்-2வோட கடைசி காலத்து வண்டி. அந்த கட்டம் போட்ட பெரிய கிரில்லு, பெஞ்ச் சீட்டு, ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல கியர் கம்பி, இதெல்லாம் சேந்துதான் அந்த வண்டி. அதுல இருக்க எஞ்சின் 1489 சிசி, இங்கிலாந்து பி.எம்.சி காரன் பி-சீரிஸ்னு போட்ட எஞ்சின், எம்ஜிஏனு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உண்டுல்லா, அதுக்கும் இதே எஞ்சின்தான் முதல்ல வந்துச்சு. கையால சுத்துதுன்னா பாதி கவலை போச்சு. பிரிச்சு அளவெடுங்க, தேய்மானம் இருந்தா ரீபோர் பண்ணி, அதாவது சிலிண்டர கொஞ்சம் பெருசா கடஞ்சு, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுங்க, கிராங்க் கிரைண்ட் பண்ணி பேரிங் மாத்துங்க. ஹெட்ட கழட்டும்போதே எக்ஸாஸ்ட் வால்வுக்கு ஹார்டன் பண்ண சீட் அடிச்சிருங்க, ஏன்னா அந்தக் காலத்து பெட்ரோல்ல ஈயம் இருக்கும், அதுதான் வால்வ் சீட்ட தேயாம காப்பாத்துச்சு, 2000த்துல ஈயம் கலந்த பெட்ரோல நாடு முழுக்க நிப்பாட்டிட்டாங்க. இத செஞ்சா இன்னும் ரொம்ப காலம் ஓடும். இசுசு எதுக்கு?

ஆர்பிஎம் ராசா:
அண்ணாச்சி கோவிச்சுக்கிடாதிய, ஆனா எல்லாத்தையும் அப்படியே வையி அப்படியே வையின்னா வண்டி கொட்டகைலயே நின்னிருக்கலாம்லா. முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் கடிக்காம விழ வைக்கிற ஏற்பாடு) கிடையாது, வண்ணாரப்பேட்டை பாலத்துக்கிட்ட சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்க ஒருதடவ ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நாலு வீலுக்கும் டிரம் பிரேக், அதுலயும் பெடல லேசாக்குற பூஸ்டர் இல்ல, ஸ்டியரிங் நின்ன எடத்துல திருப்ப தோள்பட்டை வேணும். இசுசு எஞ்சின இந்த பாடிக்குள்ள ஏத்துனது நானோ தம்பியோ இல்ல, அம்பாசடர் போட்ட இந்துஸ்தான் மோட்டார்ஸோட உத்தரபாரா ஃபேக்டரிக்காரனே 1992ல ஏத்தி வித்தான். 1817 சிசி, 75 குதிரை சக்தி. கம்பெனியே செஞ்சத நாம செஞ்சா மட்டும் பாவமா? கழிச்ச 1800 வண்டி ஒண்ண முழுசா வாங்கிட்டா எஞ்சின், கியர்பாக்ஸ், மவுண்டு, பெடல் எல்லாம் ஒரே எடத்துல கிடைச்சிரும். தம்பி நீ போடு.

பாளை ரூல்ஸ்:
ராசா, கம்பெனி செஞ்சா அது வேற மாடல், அந்த மாடலுக்குனு தனியா டைப் அப்ரூவல்ங்கிற அரசாங்க அனுமதி வாங்கியிருப்பான். தம்பி வண்டி ஆர்.சில 1489 சிசினு இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, கம்பெனி குடுத்த விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டிய ஓனர் மாத்தக்கூடாது. கேரளால இருந்து போன ஒரு கேஸ்ல 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட் இதையே அழுத்திச் சொல்லிட்டு. அதே வருஷத்துத் திருத்தத்துல, அனுமதி இல்லாம மாத்துனா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 அபராதம் இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் போடலாம்னு வந்திருக்கு. பழைய எஞ்சின் போச்சுன்னா அதே வகை எஞ்சின் போட ஆர்.டி.ஓ கிட்ட அனுமதி வாங்கலாம், அது வேற சங்கதி. கலர் மாத்துனாலும் ஆர்.சில ஏத்திக்கிடணும்.

இன்னொண்ணு. 2021 ஜூலைல விண்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி வந்துச்சு. முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டுன சொந்த உபயோக வண்டி, சேஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாத்தம் இல்லாம இருந்தா விண்டேஜ்னு பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூவா, 10 வருஷத்துக்குச் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. 1974 வண்டி அந்தக் கணக்குல வந்துட்டு. இசுசு ஏத்துன நிமிஷமே அந்த வாசல் அடைஞ்சிரும் பாத்துக்கிடுங்க.

ஆர்பிஎம் ராசா:
மீதியையும் சொல்லும்வே. விண்டேஜ் நம்பர் வாங்குன வண்டிய தினமும் ரோட்டுல எடுக்கக்கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, சர்வீஸுக்கு, அவ்வளவுதான். இப்ப டவுன்ல கல்யாண போட்டோவுக்கு பழைய அம்பாசடர வாடகைக்கு எடுக்காங்கல்லா, அதுக்கும் விட முடியாது, வணிக உபயோகம் கூடாதுனு இருக்கு. குத்தாலத்துக்கு அம்மாவ கூட்டிட்டுப் போறது ரேலியா கண்காட்சியா? அந்த வாசல் அடைஞ்சா என்ன தொறந்தா என்ன.

பாளை ரூல்ஸ்:
விண்டேஜ்ல பதியணும்னு யாரும் கட்டாயப்படுத்தலயே. சாதாரண ஆர்.சியவே அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சு ஓட்டலாம், கட்டணம் கூடிட்டு, வண்டிய கொண்டு போயி காமிக்கணும், பச்சை வரி உண்டு, ஆனா குத்தாலம் போலாம். விண்டேஜ்ங்கிறது பின்னால வேணும்னா எடுத்துக்கிடலாம், அதுக்கு எஞ்சினும் பாடியும் ஒரிஜினலா இருக்கணும், அதத்தான் சொன்னேன். யாரு செக் பண்ணப் போறாங்கனு நீரு அடுத்து கேப்பீரு, அதுக்கும் பதில் சொல்லிருதேன். ரோட்டுல நிப்பாட்டி எஞ்சின் நம்பர் பாக்கிறவன் குறைவுதான். ஆனா ஒரு ஆக்சிடென்ட் ஆயி இன்சூரன்ஸ் சர்வேயர் பானெட்ட தொறந்தார்னா அன்னைக்கு தெரியும்.

டிங்கர் வீட்டுப் பிள்ளை:
எல்லாரும் எஞ்சினப் பத்தியே பேசுதிய. தம்பி தரை தெரியுதுனு எழுதியிருக்காரே, அத யாரும் வாசிக்கலயா? அம்பாசடருக்கு லாரி மாதிரி தனிச் சேஸ் கிடையாது, பாடியும் ஃப்ளோரும் சேந்துதான் வண்டியத் தாங்குது. முன் சஸ்பென்ஷன் டார்ஷன் பார், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலா முறுக்கிக் கொடுக்கிற கம்பி, அந்தக் கம்பியோட பின் முனை ஃப்ளோருக்கு அடில இருக்க குறுக்கு மெம்பர்லதான் மாட்டியிருக்கும். அங்கன துரு ஏறியிருந்தா 75 குதிரை இல்ல, இருக்கிற குதிரைக்கே தாங்காது. சுவர் இருந்தாத்தான் சித்திரம். முதல்ல சீட்டு, மேட்டு, ரப்பர் எல்லாத்தையும் கழட்டி, கம்பிப் பிரஷ் போட்டு, ஸ்க்ரூடிரைவரால ஃப்ளோர குத்திப் பாருங்க. கதவுக்கு அடில ஓடுற சில் பட்டை, ஜாக் போடுற எடம், பூட்ல ஸ்பேர் வீல் கிடக்கிற பள்ளம், பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டுற எடம், இதெல்லாம் பாக்கணும்.

அப்புறம் ஃப்ளோர் ஷிஃப்ட்டுனா நடு டன்னல, அதான் ஃப்ளோர் நடுவுல கியர்பாக்ஸுக்கு மேல மேடா இருக்குமே, அத வெட்டணும். ஏற்கனவே துரு தின்ன ஃப்ளோர்ல கேஸ் கட்டர் வச்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. எங்க அப்பா பட்டறைக்கு ஒரு வண்டி வந்துச்சு, வேற எங்கயோ வேலை பாத்தது, வெளிய கண்ணாடி மாதிரி பெயிண்ட்டு. காந்தம் வச்சா ஒட்டல. துருவ வெட்டாம அதுக்கு மேலயே பட்டி போட்டு நிரப்பி வச்சிருக்கான், தட்டுனா சில்லு சில்லா விழுது. அந்த ஓனர் கிட்ட எப்படிச் சொல்லுறதுனு அப்பா முழிச்சாங்க. தகரத்த வெட்டி, அதே கேஜ்ல புதுத் தகரம் வளைச்சு வெல்டு வைக்கிற ஆளா பாருங்க, விலை கம்மினு போயிராதிய.

கடையம் செல்வி:
நானும் ஒண்ணு சொல்லலாமா? எங்க மாமனார் வண்டி மார்க்-4, 1489 பெட்ரோல்தான், ஒரிஜினல் எஞ்சின்லயே ஏசி ஓடுது. கரண்ட் குடுக்கிற பழைய டைனமோவ கழட்டிட்டு ஆல்டர்நேட்டர் போட்டோம், டைனமோ மொத்தமே இருபது ஆம்பியர் சில்லறைதான் தரும், அதுலயும் வண்டி நிக்கும்போது ஒண்ணும் வராது, ஏசி புளோயரும் கண்டென்சர் ஃபேனும் அதயே குடிச்சிரும். ரேடியேட்டர் கோர் மாத்தி, எலக்ட்ரிக் ஃபேன் வச்சு, டேஷ்போர்டுக்கு அடில தொங்குற மாதிரி ஏசி யூனிட். பாடில எங்கயும் வெட்டல, எல்லாம் போல்ட்டு. நாளைக்கு வேண்டாம்னா கழட்டி வச்சிரலாம். மலை ஏறும்போது மட்டும் ஏசிய அணைச்சிருவோம்.

அப்புறம் அண்ணாச்சிமாருக்கு ஒரு கேள்வி. கத்திரி வெயில்ல ரெக்சின் சீட்ல உக்காந்து பாவூர்சத்திரம் தாண்டுறதுக்குள்ள யாருக்கு தலை சுத்தும்னு யோசிச்சீங்களா? ஓட்டுறவருக்கு ஸ்டியரிங் இருக்கு, ஆசை இருக்கு. பின்னால உக்காரப் போறது அவங்க அம்மா.

கார்பரேட்டர் அண்ணாச்சி:
செல்வி, நீங்க சொல்றது நியாயம்தான், ஆனா அந்த எஞ்சினுக்கு இருக்கதே அம்பது சொச்சம் குதிரை, அதுல கம்ப்ரஸர் நாலஞ்சு இழுத்துக்கிடும். கண்டென்சர முன்னால வச்சா ரேடியேட்டருக்குக் காத்து குறையும். டிராஃபிக்ல நின்னா டெம்பரேச்சர் முள்ளு எங்க போவுதுனு பாத்திருக்கியளா?

கடையம் செல்வி:
பாத்திருக்கேன் அண்ணாச்சி. ஃபேன் சரியா இருந்தா ஏறல. ஃபேன் பியூஸ் போன அன்னைக்கு ஏறுச்சு.

ஸ்பிக் நகர்க்காரன்:
ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. ஆல்டர்நேட்டர் போடுறதுக்கு முன்னால பேட்டரில எந்த முனை பாடியோட சேந்திருக்குனு பாருங்க, பழைய லூகாஸ் வயரிங் வண்டிகள்ல பிளஸ்ஸ பாடில குடுத்திருப்பாங்க, அப்படியே ஆல்டர்நேட்டர மாட்டுனா டையோடு ஒரு நொடில போயிரும். அடுத்தது பெட்ரோல். இப்ப பங்க்ல வாரது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், ஃபியூயல் பம்ப் டயாஃப்ரம், கார்பரேட்டர் கேஸ்கட் எல்லாத்தையும் அது ஊற வச்சுக் கெடுத்துரும், தண்ணிய வேற இழுக்கும். எத்தனால் தாங்குற ஹோஸா மாத்துங்க, வண்டிய மாசக்கணக்கா நிப்பாட்டுனா டேங்க வடிச்சிருங்க. நம்ம பக்கம் உப்புக்காத்துல நிக்கிற வண்டிக்கு இது ரெண்டு மடங்கு.

சோலார் தம்பி:
இவ்வளவு சண்டை எதுக்கு, எலக்ட்ரிக்கா மாத்திருங்க. அதுக்கு சட்டத்துல அனுமதி இருக்கு.

பாளை ரூல்ஸ்:
இருக்கு. ஏ.ஆர்.ஏ.ஐ மாதிரி வண்டிய சோதிக்கிற டெஸ்ட் ஏஜென்சி அப்ரூவ் பண்ண மோட்டார்-பேட்டரி கிட்டா இருக்கணும், ஆர்.சில ஏத்தணும். மார்க்-2க்குனு அப்படி ஒரு கிட்டு எங்க கிடைக்குனு சொல்லுங்க, பேசுவோம்.

கார்பரேட்டர் அண்ணாச்சி:
சத்தமில்லாத அம்பாசடரா. சவத்த, அதுக்கு ஒரு பேட்டரி கார வாங்கி ஓட்டிட்டுப் போயிரலாம்.

ஆர்பிஎம் ராசா:
சரி, எஞ்சின் பேச்ச விடுவோம். பிரேக்குக்கு என்ன பதில்? அண்ணாச்சி ஒரிஜினல் டிரம்மோட செங்கோட்டைல இருந்து ஆரியங்காவு மலைல இறங்கியிருக்கியளா? ரெண்டு மூணு வளைவுல சூடாகி பெடல் மெத்துனு போகும். கடைசி காலத்து அம்பாசடர்ல கம்பெனியே முன்னால டிஸ்க், பூஸ்டரோட குடுத்தான். அதப் போடுறதும் குத்தமா? 1974ல ரோட்டுல இவ்வளவு வண்டியா இருந்துச்சு, எதிர்ல வாறவன் ஏபிஎஸ் வச்சிருக்கான், அவன் நின்ன எடத்துல நின்னுருவான், நம்ம போயி அவன் டிக்கில சொருகணும்.

டிங்கர் வீட்டுப் பிள்ளை:
இந்த விஷயத்துல நான் ராசா பக்கம். ஆனா டிரம் மோசமில்ல, டிரம் மோசமா இருக்கதுதான் மோசம். முக்காவாசி வண்டில டிரம்ம லேத்துல கொடுத்து கடஞ்சு கடஞ்சு மெலிஞ்சு போயிருக்கும், வீல் சிலிண்டர் கசியும், லைனிங்ல எண்ணெய் ஊறியிருக்கும். எல்லாத்தையும் புதுசு போட்டு, அட்ஜஸ்ட் பண்ணி, இறக்கத்துல ஏறுன அதே கியர்ல இறங்குனா போதும்.

கார்பரேட்டர் அண்ணாச்சி:
அதான. கியர் போட்டு இறங்குறத இப்ப யாரும் சொல்லிக் குடுக்கதில்ல.

ஆர்பிஎம் ராசா:
அண்ணாச்சிக்கு டிஸ்க் மேலயும் கோவம், ஏசி மேலயும் கோவம். சீட் பெல்ட்டாவது போடலாமா, இல்ல 74ல இல்லன்னு அதுவும் வேண்டாமா?

கார்பரேட்டர் அண்ணாச்சி:
பெல்ட் போடு, வேண்டாம்கல. பெஞ்ச் சீட்ட மட்டும் தூக்கி எறியாத. டிஸ்க்கும் போட்டுக்கோ, பழைய ஹப்பு, டிரம், பேக் பிளேட்டு எல்லாத்தையும் கிரீஸ் தடவி சாக்குல கட்டி வையி. நான் சண்டை போடுறது கேஸ் கட்டரோட. ஸ்பேனரோட எனக்கு எந்தச் சண்டையும் இல்ல.

பேட்டைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. டிங்கர் அண்ணன் சொன்ன மாதிரி சீட்டு, மேட்டெல்லாம் கழட்டிப் பாத்தேன், டிரைவர் பக்கம் போனது போனதுதான், குறுக்கு மெம்பர் கம்பி குத்துனா உள்ள போகல, கெட்டியா இருக்கு. அதனால முதல்ல ஃப்ளோர், அப்புறம் பிரேக், வயரிங். இசுசு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன், எஞ்சின ரீபோர் போடப் போறேன், செல்வியக்கா மாதிரி ஏசி. ராசா அண்ணன் கோவிச்சுக்கிடக் கூடாது, பவர் ஸ்டியரிங்கும் இப்போதைக்கு இல்ல.

ஆர்பிஎம் ராசா:
எனக்கென்ன கோவம். முதல் கியர் கரகரனு கடிக்கும்போது என்னை நினைச்சுக்கோ.

பாளை ரூல்ஸ்:
தம்பி, ஆர்.சி பெரியப்பா பேர்லதான இருக்கு? அவரு இருக்காரா? இருந்தா பேரு மாத்துறதுக்கு ஃபாரம் 29, 30ல கையெழுத்து வாங்குங்க. இல்லைன்னா ஃபாரம் 31, வாரிசுச் சான்றிதழ் வேணும். இத முடிக்காம பட்டறைக்கு ஒரு ரூவா குடுக்காதிய.

பேட்டைக்காரன்:
நல்லா இருக்காரு அண்ணாச்சி, கையெழுத்துப் போடுதேன்னுட்டாரு. ஆனா ஒரு கண்டிஷன் போடுதாரு, மெரூன் கூடாதாம், மஞ்சக் கலர் அடிக்கணுமாம். வேலைல இருந்தப்ப கல்கத்தாவுல பாத்தாராம், அப்பவே ஆசையாம்.

கார்பரேட்டர் அண்ணாச்சி:
டாக்ஸி மஞ்சளா? அதுக்கு நீ இசுசுவே ஏத்தியிருக்கலாம்.