கம்பெனியால ஏரியாவுக்கு என்ன பலன், எப்படி அளப்பது?

வால்வு_ராணி:
வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி பாகங்கள் செய்கிற கம்பெனியில் ஹெச்ஆரில் இருக்கிறேன். வருஷா வருஷம் நோட்டுப் புத்தகம், கண் முகாம், மரக்கன்று என்று ஏதாவது செய்கிறோம். இந்தத் தடவை எம்.டி. திடீரென்று, "இவ்வளவு கொடுத்திருக்கோமே, இந்த ஏரியாவுக்கு நம்மால என்ன ஆச்சுன்னு நம்பர்ல காட்டுங்க" என்று சொல்லிவிட்டார். என்னிடம் இருப்பது பில்லும் பேனர் பிடித்து எடுத்த போட்டோக்களும்தான். வெளியில் ஒரு கன்சல்டன்டிடம் கேட்டோம், அவர் சொன்ன தொகைக்கு இன்னும் நாலு கண் முகாம் நடத்தலாம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

கணக்குப்பிள்ளை_58:
முதலில் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்துகிறதா என்று பாருங்க. 2013 கம்பெனிகள் சட்டம் 135-ஆவது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுவரவு 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு செய்ய வேண்டிய கடமை வரும். வெளி ஏஜென்சியை வைத்து பலனை மதிப்பிடுவது, அந்தக் கடமைத் தொகையே சராசரியாக 10 கோடியோ அதற்கு மேலோ இருக்கிறவர்களுக்கு, அதுவும் ஒரு கோடிக்குக் குறையாத திட்டங்களுக்கு மட்டும். உங்களுக்கு வராது என்றுதான் நினைக்கிறேன், கன்சல்டன்டை மறந்துவிடுங்க.

அப்புறம், கொடுத்ததை எண்ணுவதை நிறுத்துங்க. சம்பளப் பட்டியலை எடுத்து பின்கோடு வாரியாகப் பிரியுங்க: 600053, 600058, பாடி, கொரட்டூர் பக்கம் இருந்து எத்தனை பேர் வருகிறார்கள், அதில் பர்மனென்ட் எத்தனை, கான்ட்ராக்ட் எத்தனை, பெண்கள் எத்தனை. அடுத்து பர்ச்சேஸ் லெட்ஜர். எஸ்டேட்டுக்குள்ளேயே இருக்கிற சின்ன லேத் பட்டறைகளிடம் எவ்வளவுக்கு வாங்குகிறீர்கள், பில் எத்தனை நாளில் பாஸ் ஆகிறது? சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நீங்கள் தொண்ணூறு நாள் இழுத்தால் பட்டறைக்காரர் தன் பையன்களுக்குச் சம்பளத்தை இழுப்பார். அதுவும் உங்க கம்பெனி ஏரியாவுக்குச் செய்ததுதானே, கணக்கில் வரட்டும். பங்குச் சந்தையில் இருக்கிற முதல் 1000 கம்பெனிகளிடம், சந்தையைக் கண்காணிக்கிற செபி அமைப்பு 2022-23 முதல் கட்டாயமாகக் கேட்கிற அறிக்கையிலும், சிறு நிறுவனங்களிடம் எத்தனை சதவீதம் வாங்குகிறாய் என்ற கேள்வி உண்டு.

ஏரிக்கரை_கொரட்டூர்:
எங்களிடம் இதுவரை எந்தக் கம்பெனியும் எதையும் கேட்டதில்லை மேடம். ஏரியில் கழிவுநீர் கலக்கிறது என்று பசுமைத் தீர்ப்பாயம் வரை போன ஊர் இது, எங்களுக்கு மரக்கன்று கொடுத்துவிட்டு "தாக்கம்" என்று ரிப்போர்ட் போட்டால் சிரிப்புதான் வரும். உங்க போர்வெல் எத்தனை அடி, கோடையில் எத்தனை டேங்கர் இறங்குகிறது, கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது, ராத்திரி உங்க லாரிகள் யார் வீட்டு வாசலில் நிற்கின்றன, இதையும் அதே ஷீட்டில் போடுங்க. கேட்டில் ஒரு புகார் நோட்டு இருக்கிறதா? எங்க பக்கம் உள்ள ஒரு கம்பெனியில் லாரியைப் பற்றிச் சொல்லப் போனால் செக்யூரிட்டி "ஆபீஸுக்கு மெயில் போடுங்க"ன்னு சொல்லி அனுப்பிவிடுகிறார். பூ விற்கிற அம்மா மெயில் போடுமா?

களப்பணி:
கள ஆய்வு என் வேலை, அதனால் ஒன்றிரண்டு சொல்கிறேன். ஒரு அரசுப் பள்ளிக்கு ஒரு கம்பெனி கழிப்பறை கட்டிக் கொடுத்தது, ரிப்போர்ட்டில் "பயனாளிகள்" என்று மொத்த மாணவர் எண்ணிக்கையையும் எழுதிவிட்டார்கள். போய்ப் பார்த்தால் பூட்டு. மோட்டாருக்கு ஈபி கனெக்‌ஷன் வரவில்லை, பினாயில் வாங்கவும் சுத்தம் செய்யவும் காசு ஒதுக்கவில்லை, சாவி ஹெச்எம் மேஜையில், யாராவது விருந்தாளி வந்தால் திறப்பார்களாம். பிள்ளைகள் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

கண் முகாமில் எத்தனை பேரைச் சோதித்தோம் என்பது உங்க வேலைக் கணக்கு. ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அந்தக் கண்ணாடியைப் போட்டிருக்கிறார்கள், ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் செய்துகொண்டார்கள், அதுதான் பலன். அடுத்த முகாமுக்கு முன்பே இப்போதைய நிலையைக் குறித்து வையுங்க, நீங்கள் கை வைக்காத பக்கத்துத் தெருவிலும் அதையே குறியுங்க. இல்லையென்றால் தானாக நடந்ததையும் நம்ம கணக்கில் சேர்த்துவிடுவோம்.

ஐடி கார்டு மாட்டிய ஆளை மட்டும் கேள்வி கேட்க அனுப்பாதீங்க. அடுத்த வருஷ நோட்டு வராமல் போய்விடுமோ என்று எல்லோரும் "நல்லா இருக்கு சார்"தான். பக்கத்துக் கல்லூரியில் சமூகப்பணி படிக்கிற பிள்ளைகளைக் கேளுங்க, களப்பயிற்சியாகவே வருவார்கள். வேலைக்குப் போகிற பெண்களைப் பிடிக்க வேண்டுமென்றால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போகச் சொல்லுங்க.

வால்வு_ராணி:
எல்லோருக்கும் நன்றி. பின்கோடு கணக்கை இன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன், பாதி முகவரி ஆதாரில் சொந்த ஊர் என்று இருக்கிறது, அது தனித் தலைவலி. புகார் நோட்டு என்றதும் எம்.டி. முகம் மாறிவிட்டது, "நாமே வம்பை விலைக்கு வாங்கணுமா"ன்னு கேட்கிறார்.

ஏரிக்கரை_கொரட்டூர்:
வம்பு ஏற்கெனவே கேட்டுக்கு வெளியேதான் நிற்குது மேடம். நோட்டைப் பூட்டி வைக்காமல், எந்தப் புகார் எத்தனை நாளில் தீர்ந்தது என்று தனியாக ஒரு கட்டமும் போடச் சொல்லுங்க, எம்.டி. கேட்ட நம்பர் அதிலேயே கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை_58:
ஆதார் முகவரியை விடுங்க, கம்பெனி பஸ்ஸில் யார் எந்த ஸ்டாப்பில் ஏறுகிறார்கள் என்ற லிஸ்ட் டிரான்ஸ்போர்ட்காரரிடம் இருக்கும். மீதிப் பேரை சூப்பர்வைசரிடம் கேட்டாலே போதும்.