ஹாப்ஸ் மொத்தமாக வாங்கியது: புதுப்பிப்பு

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில், போன வருட யாக்கிமா (அமெரிக்காவில் ஹாப்ஸ் விளையும் பகுதி) அறுவடை மலிவாகக் கிடைக்கிறது, வீட்டு பீருக்கு மொத்தமாக வாங்கி வைத்தால் கெடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வாங்கினேன், நன்றாகவே இருக்கிறது.

எல்லாமே பெல்லட், அதாவது பூவை அரைத்து அழுத்திய சிறு துண்டுகள். சிறு பங்குகளாகப் பிரித்து, அலுமினியப் படலம் உள்ள பைகளில் காற்றை உறிஞ்சி ஒட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் வைத்தேன். சாதாரண ஜிப் பை வேண்டவே வேண்டாம். ஆக்சிஜன் மெதுவாக உள்ளே போய்விடும்.

வாங்கிய ஹாப்ஸ் வகைகளில் நான் பயந்தது காஸ்கேடுக்குத்தான். வெளியே 20 டிகிரியில் கிடந்தால் ஆறு மாதத்தில் அதன் ஆல்ஃபா அமிலம் (கசப்பைத் தருவது இதுதான்) ஏறக்குறைய பாதியாகிவிடும். மேக்னம் வகை அப்படியில்லை, நன்றாகத் தாங்கும். இப்போது காஸ்கேட் பையைத் திறந்தால் அதே கிரேப்ஃப்ரூட் மணம், அதே பச்சை. பழைய சீஸ் வாடை துளியும் இல்லை. அந்த வாடை வந்துவிட்டால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

கசப்புக் கணக்கை மாற்ற வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஃப்ரீசரில் வைத்ததற்கு ஹாப்ஸ் அளவை நான் கொஞ்சம்தான் கூட்டுகிறேன். அப்புறம், திறந்த பையை எடை போட்டதும் உடனே மறுபடி ஒட்டிவிடுங்கள். வெளியே வைத்தால் ஈரம் படியும்.