அம்மப்பா வீடு, உப்புவெளி (வாட்ஸ்அப் குழு)

செவ்வாய்க்கிழமை

பெரியம்மா: வெள்ளிக்கிழமை அப்பாவின் அந்தியேட்டி. அவருடைய தோல் பையை யார் எடுத்தது? அலமாரியில் இல்லை

மாமா: நான்தான் அக்கா. படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று துடைக்க எடுத்தேன்

பெரியம்மா: கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம்

மாமா: (படம்)

மாமா: உள்ளே துணி எல்லாம் கழன்று தொங்குகிறது. மூடியின் உள்பக்கம் இருந்த ஸ்வேட் தோல் தொட்டவுடன் உரிந்து வந்துவிட்டது, பசை மா மாதிரிக் கொட்டுகிறது

அண்ணா கனடா: ஐயோ அந்தப் பையா

அம்மா: அந்தியேட்டிக்குக் கன்னியா போக வான் எத்தனை மணிக்கு? ஐயர் ஆறு என்கிறார்

மச்சாள்: ஸ்வேட் உரிந்த இடத்தில் அம்புக்குறி மாதிரி ஒன்று இருக்கிறதே, என்ன அது

மாமா: கீறலாக இருக்கும்

சின்னம்மா: பையை இங்கே அனுப்புங்கள், இவர் பார்க்கட்டும். இவருக்குத்தானே இந்த வேலை தெரியும்

பெரியம்மா: ம்ம் பார்க்கட்டும்

சித்தப்பா: பை வந்து சேர்ந்தது. மச்சான் இந்த மினுக்கம் எதனால்? எண்ணெய் பூசினீர்களா

மாமா: கொஞ்சம் தேங்காய் எண்ணெய். தோல் காய்ந்து கிடந்தது

சித்தப்பா: கொஞ்சம் என்றால்

மாமி: அரைப் போத்தல்

சித்தப்பா: கேளுங்கள். எண்ணெய் ஊறிய தோலில் எந்தப் பசையும் நிற்காது. இன்று ஒட்டும், கன்னியா போய் வருவதற்குள் ஒரு மூலை எழும்பிவிடும். அதனால் இன்று இரவு உள்பக்கம் முழுக்க பேபி பவுடர் தடிப்பாகத் தூவி வைக்கிறேன், அது எண்ணெயை இழுக்கும், காலையில் தட்டிவிட்டு மறுபடியும் தூவ வேண்டும். பிறகு பழைய பசையைச் சுரண்டி எடுத்து சாண்ட் பேப்பரால் லேசாக உராய வேண்டும், வழுவழுப்பான இடத்தில் பசைக்குப் பிடிப்பு இல்லை. அதற்குப் பிறகுதான் பசை. தோலில் ஒரு பூச்சு, புது ஸ்வேட்டின் பின்புறத்தில் ஒரு பூச்சு, இரண்டையும் தனித்தனியே நன்றாகக் காயவிட வேண்டும்

மச்சாள்: காய்ந்தால் எப்படி ஒட்டும் மாமா?

சித்தப்பா: அதுதான் விஷயம். இது ஈரத்தில் ஒட்டுகிற பசை இல்லை, சூட்டில் எழும்புகிற பசை. காய்ந்த பிறகு விரல் வைத்தாலும் ஒட்டாது. 60, 70 டிகிரி சூடு காட்டினால் இளகும், அந்த அரை நிமிடத்துக்குள் இரண்டையும் சேர்த்து நன்றாக அழுத்திவிட வேண்டும். நேரத்தைவிட அழுத்தம்தான் முக்கியம். சப்பாத்துக்குச் சோல் ஒட்டுவதும் இப்படித்தான், 18 வருடம் அதே வேலை (இந்த வீட்டில் அந்தக் கம்பனிப் பேச்சை எடுக்கக்கூடாது என்று தெரியும்)

அம்மா: அது எல்லாம் பழைய கதை

பெரியம்மா: யார் என்ன சொன்னது இப்போது

மாமா: சூடுதான் வேண்டும் என்றால் கன்னியாவுக்கே கொண்டுபோகலாமே, ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கிறது 😂

சித்தப்பா: ஏழும் சேர்ந்தாலும் 50 வராது மச்சான்

பெரியம்மா: அந்தியேட்டி செய்கிற இடத்தை வைத்து விளையாட்டா?

மாமா: அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்

மாமி: மூதூர்த் தயிர் சொல்ல வேண்டும், எத்தனை சட்டி?

புதன்கிழமை

அண்ணா கனடா: அந்த அம்புக்குறியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது கீறல் இல்லை. ஒரு புள்ளியில் சேரும் மூன்று கோடு, பிரிட்டிஷ் அரசாங்கச் சாமான்களுக்கு அடிக்கும் முத்திரை. துவக்கு, பெட்டி, பை எல்லாவற்றிலும் அடிப்பார்கள்

மச்சாள்: அப்படியென்றால் அது கடற்படைச் சாமான்

மாமா: அப்படியென்றால் துரை கொடுக்கவில்லை 😂😂

பெரியம்மா: 1957ல் வெள்ளைக்காரன் டொக்யார்டை விட்டுப் போகும்போது துரையே கூப்பிட்டு அப்பாவின் கையில் கொடுத்தது. எங்கள் அம்மா சாகும்வரை சொன்ன கதை

மாமா: அக்கா, அரசாங்கச் சாமானைத் துரை எப்படிக் கொடுப்பார். அப்பா டொக்யார்ட் ஸ்டோரில் வேலைக்கு நின்றவர்

பெரியம்மா: வாயை மூடு. குழுவில் மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்கள்

அண்ணா கனடா: போகும்போது வேண்டாம் என்று விட்ட சாமானாகவும் இருக்கலாம் பெரியம்மா

பெரியம்மா: ஓம் அதுதான்

மச்சாள்: முத்திரையை மூடாமல் அப்படியே விடலாமே, அழகாக இருக்கிறது

பெரியம்மா: மூட வேண்டும். வெள்ளிக்கிழமை ஊர் முழுக்க வரும்

சித்தப்பா: நான் ஒன்று சொல்லவா

மாமா: எத்தனை பந்தி எழுதப்போகிறீர்கள்?

சித்தப்பா: நான் ஹார்ட்னர் (பசையை இறுக்கும் மருந்து) கலக்காமல்தான் ஒட்டப்போகிறேன். கலந்தால் இன்னும் பலம், ஆனால் பிறகு பிரிக்க ஏலாது. கலக்காவிட்டால் எப்போதாவது ஹெயார் ட்ரையர் பிடித்தால் பசை மறுபடியும் இளகும், மெதுவாக உரித்து முத்திரையைப் பார்க்கலாம், திரும்ப ஒட்டலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் பையை வைக்கக்கூடாது

மச்சாள்: சூப்பர்

பெரியம்மா: இப்போதைக்கு மூடினால் காணும்

சித்தப்பா: உள் துணிக்கு வேறு முறை. சேர்ட் கொலர் கன்வஸில் இருக்கும் பசை மாதிரி, ஆனால் இரண்டு பக்கமும் ஒட்டும் வலைத்தாள். துணிக்கும் தோலுக்கும் நடுவில் வைத்து துணிப் பக்கத்தால் அயன், மேலே ஒரு பருத்தித் துணி, தேய்க்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும். நீராவி கூடவே கூடாது. இது மரப்பட்டையில் பதனிட்ட தோல், மணத்திலேயே தெரிகிறது. ஈரமாக இருந்தால் 75, 80 டிகிரியிலேயே பொரித்த அப்பளம் மாதிரிச் சுருண்டுவிடும், பிறகு எந்தத் துரை வந்தாலும் விரிக்க ஏலாது. குரோமில் பதனிட்டது என்றால் கொதிதண்ணீரையே தாங்கும். ஆனால் அயன் உள்ளே போக வேண்டும் என்றால் ஒரு பக்கத் தையலைப் பிரிக்க வேண்டும்

பெரியம்மா: பிரிக்கவா???

அம்மா: அவர் தெரியாமல் செய்வாரா அக்கா

சித்தப்பா: அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒருமுறை பிரித்துத் தைத்தது அக்கா. 1998ல். தையல் என்னுடையது

மாமா: என்ன?

சின்னம்மா: அப்பா கடைப் பெடியனிடம் கொடுத்து அனுப்பினார். யார் தைப்பது என்று கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை. அப்போது இவரோடு பேச்சு இல்லையே

அம்மா: அவருக்குத் தெரியும். என்னிடம் சொன்னார்

பெரியம்மா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

மாமி: தயிர்??

வியாழக்கிழமை

சித்தப்பா: (படம்) மூடி ஒட்டியாகிவிட்டது. ஒன்று சொல்ல வேண்டும், மேசையில் விரித்து வைத்து ஒட்டினால் மூடி மடியும்போது உள்ளே ஸ்வேட் சுருக்கம் விழும், ஏனென்றால் உள்வளைவு சின்னது. மூன்று மில்லித் தோலும் ஒரு மில்லி ஸ்வேட்டும் முழுதாக மடிந்தால் உள்ளே ஆறு மில்லி அளவு குறைகிறது. அதனால் ஒரு போத்தலுக்கு மேலே வளைத்து வைத்து, வளைந்தபடியே ஒட்டினேன். ஸ்வேட்டைச் சுற்றிவரக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, ஒட்டிய பிறகுதான் ஓரம் வெட்டினேன். கடைசியில் பல் துலக்கும் பிரஷால் நீவிவிட்டேன், அழுத்தினால் ஸ்வேட்டின் மயிர் படுத்துவிடும்

மச்சாள்: 🙏 கடையில் வாங்கியது மாதிரி இருக்கிறது

மாமா: அது என்ன போத்தல்

சின்னம்மா: வேறு என்ன, உங்கள் தேங்காய் எண்ணெய்ப் போத்தல்தான். பையோடு அனுப்பியிருந்தீர்கள்

அண்ணா கனடா: பை கடைசியில் யாருக்கு? நான் கேட்டதாக அம்மப்பா சொல்லவில்லையா

மாமா: வெள்ளிக்கிழமை முடியட்டும் தம்பி

பெரியம்மா: பையை எங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். நாளை காலை அவரே நேரே கொண்டுவந்து படத்துக்குப் பக்கத்தில் வைக்கட்டும்

சின்னம்மா: சரி அக்கா

அம்மா: வானில் 14 பேர்தான் ஏறலாம், பெயரை எழுதி அனுப்புங்கள்

மாமா: தோல் வெளிப்பக்கம் இப்போது எண்ணெய் பூசலாமா?

சித்தப்பா: வேண்டாம்

மாமி: தயிர்க்காரன் இப்போது மூன்றாவது தடவை எடுக்கிறான், யாராவது ஒரு எண் சொல்லுங்கள்